மந்தியின் மரியாதை

மலைக்காட்டு அத்தி மரத்தில் இருந்த மந்தியை அண்ணாந்து பார்த்துப் புள்ளிமான் சொன்னது: "தங்கச்சி, ஆளுங்க கூட்டமா ஜீப்புல வேட்டைக்கு வர்ற மாசம் இது. என் குட்டிக்கு இன்னும் சரியா ஓடத் தெரியாது. புதருக்குள்ள படுக்க வச்சிருக்கேன். ஓடைக்குப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்றேன். ஆள் தெரிஞ்சா குரல் கொடு, ஓடி வந்துடுவேன்."

"நான் மேல இருக்கும்போது உங்களுக்கு என்னக்கா பயம்?" என்றது மந்தி.

சற்று நேரத்தில் நாலு பேர் புதுத் தொப்பியும் துப்பாக்கியுமாக வந்தார்கள். சுடப்போகும் மானின் பக்கத்தில் யார் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குள் அப்போதே சண்டை. மந்தி கத்துவதற்கு வாயைத் திறந்தது. ஒருவன் க்ரீம் பிஸ்கட் ஒன்றை மேலே வீசினான். அது மந்தியின் தொண்டையில் இறங்குவதற்குள் அடுத்தது வந்தது.

வெடிச்சத்தம் கேட்டு மான் ஓடி வந்தது. புதரில் ரத்தம் மட்டும் இருந்தது.

"ஏன் தங்கச்சி குரல் கொடுக்கல?"

மந்தி நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, கைகளால் வாயைத் துடைத்துக்கொண்டது.

"வாய் நிறைய வச்சுக்கிட்டுக் கத்துறது மரியாதை இல்லையேக்கா. குட்டிக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். இனி அத நீங்களே சாப்பிடுங்க."