பூந்தி தேடும் வாசம்

ஆலைப் புகையில் இருமி இருமிச் செத்தவை போக, காப்பகத்தில் மிஞ்சிய நாய்களைக் கண்ணாடிக் கொட்டகைக்குள் விட்டுச் சுத்தமான காற்றைச் செலுத்தினார்கள். ஊர்ச்சனத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உள்ளே போகவும் தடை.

காப்பகத்தில் சோறாக்கும் பவுனம்மா, மடியில் போட்டுப் புட்டிப்பால் புகட்டி வளர்த்த பூந்தியைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து ஏங்கிப்போனாள். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் அனுமதி வாங்கினாள்.

புகைவாடை இம்மிகூட ஒட்டியிருக்கக் கூடாதென்று சீயக்காய் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். அவர்கள் கொடுத்த புது உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"பூந்தி! அம்மா வந்திருக்கேண்டி!"

குரல் கேட்டுப் பாய்ந்து வந்த பூந்தி அவள் கையை முகர்ந்தது, கழுத்தை முகர்ந்தது. வால் தணிந்துவிட்டது. யாரோ எவளோ என்று விலகிப்போய் மூலையில் படுத்துக்கொண்டது.

"மூக்கு போயிடுச்சா சார் இதுக்கு?"

"மூக்கெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நேரமாச்சு, வாங்க" என்று டாக்டர் வெளிக்கதவைத் திறந்தார்.

ஆலைப் புகை ஒரு வீச்சு உள்ளே வந்தது.

பூந்தி துள்ளி எழுந்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு பவுனம்மாவைத் தாண்டி ஓடி, வாசலில் நின்று வெளியே அவளைத் தேடியது.