போடாத ஊசி

புற்றுக்கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, ஸ்கேனில் ஒளிரும் கதிரியக்க மருந்து அது. வைத்திருந்தால் வீரியம் குறைந்துவிடும் என்பதால், ஒருவருக்கென்றே வரவழைப்பார்கள். ஒருவன் தன் மனைவிக்கென்று வரவழைத்த ஊசியை, மருத்துவமனை இயக்குநர் தன் சம்பந்திக்குப் போடச் சொல்லிவிட்டார்.

ஊசியைக் கண்டு நடுங்கிய சம்பந்தியின் பருத்த கையை மனைவிதான் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம தலையில மண்ணைப் போட்டவனுக்கு ஆறுதல் வேறயா?" என்று கணவன் கத்தினான்.

"பாவங்க, பயந்துட்டாரு. அவருக்கும் சேர்த்துதான் வேண்டிக்கிட்டேன்."

வாரக் கடைசியில் அவளுக்கு அறுவை சிகிச்சை; அதற்குள் இன்னொரு ஊசி வராது. கட்டி எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தெரியாமல் எதை வெட்டுவார்கள்? சம்பந்திக்கு ஸ்கேன் எடுக்கும் நாளில், சண்டை போடவே கணவன் அவளையும் அழைத்து வந்தான்.

வாசலில் டெக்னீஷியன் வழக்கம்போல் கதிர்வீச்சை அளக்கும் கருவியை நீட்டினான். சம்பந்தியிடம் அது சத்தமே போடவில்லை. பின்னால் நின்ற மனைவி பக்கம் திரும்பியதும் படபடவென்று அடித்தது.

"இவங்களுக்கு ஊசியே போடலையே!"

"அது இப்பதான் தெரியுதாய்யா உனக்கு?" கணவன் மேசையில் ஓங்கி அடித்தான். "படுக்க வச்சு எடு!"

திரையில் அவள் ஈரலில் இரண்டு புள்ளிகள் தெளிவாக ஒளிர்ந்தன.

"அப்போ அவருக்கு என்னங்க பண்ணுவாங்க?" என்றாள் மனைவி.

"இப்பவும் அவனைப் பத்தியா?" கணவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

டெக்னீஷியன் திரையில் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையைச் சுற்றி, இறுகப் பற்றிய ஐந்து பருத்த விரல்கள் ஒளிர்ந்தன.