ஆறு பூஜ்யம்

“ஏம்மா, இந்தப் போனைத் திறக்கணும். இன்னைக்கே.”

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்து ரிப்பேர் மேசைமேல் வைத்தார். உறையில் வழக்கு எண்ணும் ஒரு பெயரும்.

யாருடைய போன் என்று கடைக்காரிக்கு உடனே புரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காலாவதியான மருந்தை ஏற்றுகிறார்கள் என்று எழுதிய நிருபருடையது. விஷயத்தைச் சொன்ன நர்சுகளின் பெயர்கள் இதற்குள்தான் இருக்கும். வெளியே வந்தால் அவர்களுக்கு வேலையும் போகும், வழக்கும் வரும்.

“உங்க ஆய்வகத்துல திறப்பாங்களே, சார்?”

“நாளைக்குக் காலையில அங்கதான் போகுது. ரெண்டே மணி நேரத்துல திறந்துடுவாங்க. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?”

பேர் வாங்க அலைகிறார் என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து குனிந்தே வேலை பார்த்ததில் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது.

“நம்பர் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது, சார்.”

“நான் சொல்றேன், நீ போடு.”

ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்தினார். அவரும் ஓய்ந்துதான் போயிருந்தார்.

“ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும்.”

தவறு.

“அதையே திருப்பிப் போடு.”

தவறு. நிருபரின் பிறந்த நாள், பைக் நம்பர், எதுவும் செல்லவில்லை.

“பொண்டாட்டி பிறந்த நாள்?”

“எந்தப் புருஷனுக்கு சார் அது ஞாபகம் இருக்கு?”

அவர் சிரிக்கவில்லை. அடுத்த எண்ணைச் சொன்னார்.

ஆறாவது தவறுக்குப் பிறகு போன் காக்க வைத்தது. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். கால் மணி. ஒன்பதாவதுக்கு ஒரு மணி நேரம். அவள் அதற்குள் இரண்டு போன்களுக்குக் கண்ணாடி மாற்றிவிட்டாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கடை போனால் சோற்றுக்கு என்ன செய்வது?

“சார், பத்தாவதும் தப்பாப் போனா உள்ள இருக்கறது மொத்தமும் அழியற மாதிரி ஒரு செட்டிங் உண்டு. நிருபருங்க அதைப் போட்டுத்தான் வச்சிருப்பாங்க. அப்புறம் என் கடைய மூடிடாதீங்க.”

“நீ கடைக்காரியா, வக்கீலா? ஆறு பூஜ்யம் போடு.”

ஆறு பூஜ்யமா! இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படி இன்ஸ்பெக்டர் ஆனார்? போட்டாள்.

திரை இருண்டது. பிறகு, இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் ‘வணக்கம்’ என்றது.

அவளுக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

“போச்சா?”

“போச்சு, சார்.”

“எல்லாமே?”

“எல்லாமே.”

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். போனை உறைக்குள் போட்டார். “நான்தான் நம்பர் போட்டேன்னு எழுதிக்கிறேன். நீ கவலைப்படாதே.”

பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து நீட்டினார்.

“அந்தப் பத்து தடவை செட்டிங்கை இதுலயும் போட்டுக் குடும்மா.”

வாங்கித் திருப்பினாள். பின்பக்கக் கவரில் பெரிய ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை செருகியிருந்தது. அதில் நர்ஸ் உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இன்ஸ்பெக்டரின் அதே மூக்கு.