முப்பத்திரண்டும் பச்சை

காலை எட்டே காலுக்குக் காற்று சிவப்பாக மாறியது. ஓவியாவின் கணினித் திரையில் மட்டும். வெளியே மண்டபத்தூரில் ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை.

பதினொரு மணிக்குமேல் பலத்த காற்று, படகுகள் உடனே கரை திரும்பவேண்டும் என்றது அந்தச் சிவப்பு வரி.

காற்று, அலை, நீரோட்டம் என்று ஒவ்வொரு சேவைக்கும் கடல் எச்சரிக்கைப் பதிவகத்தில் ஒரு வரி உண்டு. வரி மாறினால், அதற்குச் சந்தா சேர்ந்திருக்கிற ஊர்களுக்கெல்லாம் அறிவிப்பு தானாகவே போகும். ஒழுங்காகப் போகிறதா என்று வீட்டிலிருந்தே பார்ப்பது ஓவியாவின் வேலை. தெருவில் கேட்டால், கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிற வேலை என்பார்கள்.

மற்ற ஊர்களுக்குப் போயிருந்தது. மண்டபத்தூருக்குப் போகவில்லை.

மண்டபத்தூரிலிருந்து விடிகாலையில் முப்பத்திரண்டு படகுகள் கிளம்பியிருந்தன. அதில் ஒன்றில் அவள் புருஷன் கார்முகில் இருந்தான்.

போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

டவர் எட்டாத தூரத்துக்காகத்தான் போன மாதம் படகுக்கு ஒன்றாக ஒரு மஞ்சள் கருவி கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு. கரையில் இருந்தாலும் நடுக்கடலில் இருந்தாலும் செய்தியைப் பிடித்துக் கத்தும். அதைக் கொடுத்த பிறகு வருகிற முதல் காற்று இதுதான்.

அறிவிப்பைத் திரும்ப அனுப்பினாள். போகவில்லை. முகவரி சரி, கடவுச்சொல் சரி. இன்னொரு முறை அனுப்பினாள். அதே கதைதான்.

காரைக்கால் அலுவலகத்தில் இருக்கும் டீம் லீடர் நூருல் அமீனைக் கூப்பிட்டாள்.

"பதறாதீங்க ஓவியா. மொதல்ல சந்தா உசுரோட இருக்கான்னு பாருங்க."

இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. புதன் நள்ளிரவு வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. இன்றைக்குத்தான் புதன். நிறுத்திவைத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது.

திங்கட்கிழமை ஊர்ப் பெரியவர் சின்னப்பிள்ளை இறந்துபோனார். ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மூன்று நாளைக்குத் தொழில் இல்லை என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். வீணாக எதற்கு அறிவிப்பு என்று மூன்று நாளைக்குச் சந்தாவை நிறுத்திவைத்தாள்.

நேற்று சாயங்காலம் மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது என்று சேதி வந்தது. இரண்டு நாளே போதும் என்று பஞ்சாயத்து முடிவை மாற்றிக்கொண்டது. வீடு வீடாக ஆள்விட்டுச் சொன்னார்கள். கணினிக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லவேண்டியவள் அவள்தான். விடிகாலையில் கார்முகிலுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். அப்போதுகூட நினைவு வரவில்லையே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவனுக்கு ஏதாவது ஆனால் அது தன்னால்தான்.

எட்டே முக்கால். அவசரத்தில் இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்தினாள். மூன்றாவது முறை சந்தா விழித்துக்கொண்டது.

அறிவிப்பு கிளம்பியது. செய்தி போய்ச் சேரச் சேர, படகின் பெயருக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. ஐந்து. பதினொன்று. பதினாறு வரை வந்து நின்றது.

பதினேழாவது கார்முகிலின் படகு. பச்சை.

பிறகு மளமளவென்று முப்பத்திரண்டும் பச்சை.

"எல்லாத்துக்கும் போயிடுச்சு சார்" என்று போனில் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கிறது. திரும்பி வந்துவிடுவார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீச்கீச்சென்று, விட்டுவிட்டு. கணினிதான் கத்துகிறது என்று நினைத்துக் குனிந்தாள். கணினி இல்லை. சத்தம் பீரோவுக்குள்ளிருந்து வந்தது.

திறந்தாள். அவளுடைய கூறைப்புடவையின் மடிப்புக்குள் மஞ்சள் கருவி இருந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. புதுப் பொருள், உப்புத்தண்ணீர் பட்டால் வீணாகிவிடும் என்று பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறான். உடனே கரை திரும்பச் சொல்லி அது சிவப்பாக மின்னி மின்னிக் கத்தியது.

எதிர் வீட்டிலும் அதே கீச்சு கேட்டது. பக்கத்து வீட்டு வெண்மதி தலையை முடிந்துகொண்டே வாசலுக்கு வந்தாள்.

"ஏன்டி ஓவியா, எங்க பீரோவுக்குள்ள என்னமோ கத்திக்கிட்டே கெடக்கு. அத எப்புடி நிறுத்துறது?"