முதலாளியின் ஃபோல்டர்

"முடிஞ்சுதா?"

காலையிலிருந்து முதலாளி இதைக் கேட்பது ஏழாவது தடவை.

"இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும் சார். பழைய சர்வர்ல இருக்கறதெல்லாம் புதுசுக்குப் போய்ச் சேரணும். பத்து வருஷத்துச் சரக்கு."

"அஞ்சு மணிக்கு முன்னாடி முடியணும். அவ்வளவுதான்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சர்வர் மாற்ற வந்தவனை எல்லாக் கம்பெனியிலும் 'வயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு வயர் மாலை மாதிரி கிடக்கும். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவன்தான். ஆனால் இப்படி ஒரு சிடுமூஞ்சியை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அட்டைப்பெட்டி அச்சடிக்கும் சின்னக் கம்பெனி. முதலாளியைச் சேர்த்து ஆறே பேர். துடைப்பமும் வாளியும் கிடக்கும் அறையில்தான் சர்வர். ஆறு பேருடைய ஃபைல்களும் அதற்குள்தான். பிரிண்டர் ஓடுவதும் அது வழியாகத்தான். காலை பத்து மணிக்கு வயர் அதை நிறுத்தியதிலிருந்து யாருக்கும் எதுவும் திறக்கவில்லை.

அடுத்து, டிசைன் போடும் பெண் எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணா, முடிஞ்சுதா?"

"நீங்களுமா?"

"எனக்கு பிரிண்டர் வந்தா போதும். ஒரே ஒரு பக்கம். ராஜினாமா லெட்டர்."

"அவசரம்னா கையால எழுதிக் குடுத்துடுங்களேன்."

"டிசைனர் நான். கையால கிறுக்கியா குடுப்பேன்? பார்டரெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

வயருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"என்ன ஆச்சும்மா?"

"ரெண்டாயிரம் பெட்டி தப்பான பச்சைல வந்துடுச்சு. காலைல எல்லார் முன்னாடியும், 'கண்ணைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்தியா'ன்னு ஒரே கத்தல். சாம்பிளைப் பார்த்து சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? அவரேதான்! போதும்ணா. அஞ்சு மணியோட நான் கிளம்பறேன்."

அவள் போனாள். கதவிடுக்கில் பார்த்தால், மேஜை மேலிருந்த காபிக் கோப்பையையும் சின்னப் பூந்தொட்டியையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வயருக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல வேலைக்காரி. போகட்டும், அப்போதுதான் இந்த மனுஷனுக்குப் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டே கீபோர்டைத் தட்டினான்.

பழைய சர்வரில் பூட்டு என்ற பேச்சே இல்லை. யாருடைய ஃபோல்டரை வேண்டுமானாலும் யாரும் திறக்கலாம். புதியதில் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டே வந்தான். கடைசியாக ஒரு ஃபோல்டர் நின்றது. 'முதலாளி. சொந்தம். யாரும் தொடக் கூடாது.'

டீ கொண்டுவந்த பேக்கிங் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். டீ தளும்பிக் கையில் கொட்டியது.

"தம்பி! அதை மட்டும் பூட்டிடாதே!"

"ஏன்ணே?"

பேக்கிங் அண்ணன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க தினமும் படிப்போம். அந்த டிசைன் பொண்ணு உட்பட."

"அடப்பாவிகளா! அடுத்தவர் டைரியையா?"

"டைரிதான். நாங்க வீட்டுக்குப் போனப்புறம் உக்காந்து எழுதுவார். போன மாசம் டேப் சரியா ஒட்டலைன்னு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டார். மறுநாள் திறந்தா, 'டேப்தான் மட்டம். அவர் மேல தப்பே இல்லை. முதுகு வலியோட நாப்பது பெட்டி தூக்கினார். மன்னிப்புக் கேக்கணும்'னு எழுதியிருக்கு."

"கேட்டாரா?"

"அவராவது, கேக்கறதாவது! அடுத்த வாரம் பெட்டி தள்ள ஒரு வண்டி வந்துச்சு. 'இதையும் உடைச்சு வச்சுடாதே'ன்னு அதுக்கும் ஒரு கத்தல். ஆனா எனக்குத்தான் விஷயம் தெரியுமே! இது இல்லைன்னா நாங்க அஞ்சு பேரும் எப்பவோ ஓடிப்போயிருப்போம் தம்பி."

"நீங்க படிக்கறது அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வெக்கத்துல உசுரையே விட்டுடுவார்."

மற்றவர்கள் விஷயத்தில் வயர் மகா நேர்மையானவன். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"திருட்டுத்தனமா படிக்கறது தப்புண்ணே. நான் பூட்டத்தான் போறேன்."

"முடிஞ்சுதா?"

எட்டாவது தடவை. முதலாளியைக் கண்டதும் பேக்கிங் அண்ணன் டீயைக்கூட வைக்காமல் நழுவினார். மணி நாலரை.

"சார், ஒரு முக்கியமான விஷயம். உங்க சொந்த ஃபோல்டர் இத்தனை வருஷமா திறந்தே கிடந்திருக்கு. இப்ப நல்லா பூட்டிடறேன். இனிமே ஈ, எறும்பு நுழைய முடியாது. பாஸ்வேர்ட் சொல்லுங்க."

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்தினார். இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

"பூட்டாதீங்க."

"எல்லாரும் படிச்சுடுவாங்களே சார்!"

"படிக்கட்டும்னுதானே எழுதறேன்."

வயர் வாயைப் பிளந்தான்.

"அதை நேர்லயே சொல்லிடலாமே சார்?"

"காலைலேர்ந்து எட்டுத் தடவை அந்தப் பொண்ணு மேஜையைத் தாண்டித்தான் வர்றேன். அவ ஸ்க்ரீன்ல ராஜினாமா லெட்டர் வேற. சொல்லணும்னுதான் வர்றேன். எதுவும் வரமாட்டேங்குது. இங்க வந்து உங்களை 'முடிஞ்சுதா'ன்னு கேட்டுட்டுப் போறேன்."

அந்தச் சிடுமூஞ்சிக்குள் இவ்வளவு பாவமான ஒரு முகம் இருக்கும் என்று வயர் எதிர்பார்க்கவில்லை.

"நீங்க நிறுத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுதி வச்சேன். அவ இன்னும் படிக்கலை. கிளம்பறதுக்குள்ள அதைத் திறந்து விட்டுடுங்க."

"சரி சார். முதல்ல அதையே பண்ணிடறேன்."

முதலாளி கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அந்த பிரிண்டர் மட்டும் நாளைக்கு வந்தா போதும்."