ஏறிக்கொண்டே போன எண்

"மாத்திரையைக் காலையில வெறும் வயித்துலதானே போடுறீங்க?" டாக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஆமா டாக்டர். போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. சந்தேகம்னா இவளைக் கேளுங்க. ஆனா இவ அந்த நேரத்துல முழிச்சிருந்தாத்தானே தெரியும்!"

சொல்லிவிட்டு அக்கா பக்கத்து நாற்காலியை முறைத்தாள். அங்கே அவள் தங்கை சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொட்டாவியை அடக்கியபடி உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்து இரண்டு தெரு தள்ளித் தையல் கடை நடத்துகிறார்கள். டாக்டர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் தைத்ததும் அக்காதான்.

டாக்டர் நான்கு ரிப்போர்ட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்த தைராய்டு மாத்திரை எழுபத்தைந்தாகி, நூறாகி, இப்போது நூற்றிருபத்தைந்தில் வந்து நிற்கிறது. மருந்தை ஏற்ற ஏற்ற, ரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற எண் இறங்க வேண்டும். அதுவோ பிடிவாதமாக ஏறிக்கொண்டே போனது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது, இந்த முறை இருபத்திரண்டு.

"இந்தத் தாளை மட்டும் பார்த்தா, நூத்தம்பதுன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். உங்களைப் பார்த்தா எழுதக் கை வரமாட்டேங்குது. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க."

நீட்டிய விரல்கள்மேல் டாக்டர் ஒரு வெற்றுத் தாளை வைத்தார். தாள் நடுங்கிக் கீழே சரிந்தது. நாடி நூற்றுப் பதினெட்டு. எடை ஏழு கிலோ குறைந்திருந்தது.

"ஊசியில நூல் கோக்கவே பத்து நிமிஷம் ஆகுது டாக்டர். நெஞ்சு என் மெஷினை விட வேகமா ஓடுது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. என் பங்கையும் சேர்த்து இவ தூங்கிடுறா."

தங்கை சிரித்தாள். "அக்கா எப்பவும் இப்படித்தான் டாக்டர்." அவள் குரல் கரகரத்தது.

"என்னடி எப்பவும்? முன்னெல்லாம் நீ ரெண்டு ஆள் வேலையைத் தனியாப் பார்க்கலையா? இப்ப மெஷின்மேலேயே தலையைச் சாய்ச்சுத் தூங்குறே. போன வாரம் இருபது சீருடைக்கும் ஒரே கை நீளம் வெட்டி வெச்சியே, அளவுச் சீட்டை எங்கே வெச்சோம்னு மறந்துட்டு!" அக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள். "உடம்புதான் வளருது டாக்டர், சுறுசுறுப்பு வளரலை. இவகிட்டச் சொல்லிட்டேன், நாளையிலேருந்து நீ கடைக்கு வர வேண்டாம், வேற ஆள் பார்த்துட்டேன்னு."

தங்கையின் சிரிப்பு அணைந்தது.

"நான் வேணும்னு பண்ணலைக்கா," என்றாள் மெதுவாக. "முதல்ல உனக்கு உடம்பு சரியாகட்டும். அப்புறம் நான் போறேன்."

அக்கா, தங்கையின் தோளிலிருந்து நழுவிய சால்வையை எரிச்சலோடு இழுத்துச் சரிசெய்தாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "மருந்து அதிகமானாத்தான் இப்படிப் படபடப்பும் நடுக்கமும் வரும். பத்தலைன்னா அசதியும் தூக்கமும்தான் வரணும். உங்க உடம்பு போதும் போதும்னு கத்துது. ரிப்போர்ட் பத்தலைங்குது. ரிப்போர்ட்டை நம்பி ஏத்தினா உங்க இதயம் தாங்காது. உங்களை நம்பிக் குறைச்சா, இந்த இருபத்திரண்டுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் லேபுக்குப் போன் செய்தார். "அதே ரத்தத்தை ரெண்டாவது தடவையும் ஓட்டிப் பார்த்துட்டோம் டாக்டர்," என்றது மறுமுனை. "அதே இருபத்திரண்டுதான். எங்க மெஷின் மேல தப்பில்லை."

டாக்டர் போனை வைத்தார்.

"சரி. இங்கேயே, என் கண் முன்னாலேயே ரத்தம் எடுத்துடுவோம்."

அக்காவின் முகம் வெளுத்தது. "இப்பவேவா? கடையில அளவு கொடுக்க ஆள் வந்து காத்திருக்குமே டாக்டர்... நாளைக்கு லேபுக்கே போய்க் கொடுத்துடறோமே?"

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

மணியடித்ததும் நர்ஸ் தட்டோடு வந்தாள். ஊசியின் உறையைக் கழற்றினாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கே அக்கா இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் தங்கை, யாரும் சொல்லாமலே சால்வையை விலக்கி, சட்டைக் கையை மேலே ஏற்றி, நர்சிடம் தன் கையை நீட்டினாள்.

"உங்களுக்கு இல்லைம்மா. உங்க அக்காவுக்கு," என்றாள் நர்ஸ்.

"அக்காவுக்கு இந்த ஊசியைக் கண்டாலே மயக்கம் வந்துடும். நாள் பூரா ஊசியும் கையுமா இருக்கிறவதான், ஆனா இது வேற. முதல் தடவை ரத்தம் கொடுத்தப்போ விழுந்து, நெத்தியில ரெண்டு தையல். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷமா அக்கா பேர்ல நான்தான் கொடுக்கிறேன்." தங்கை டாக்டரை அப்பாவியாகப் பார்த்தாள். "கூடப் பிறந்தவங்கதானே டாக்டர்? ரத்தம் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சால்வையை, தூங்கி வழியும் கண்களை, உப்பிய முகத்தை. பிறகு இருபத்திரண்டு என்று போட்டிருந்த ரிப்போர்ட்டை எடுத்து, மேலே இருந்த அக்காவின் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"உன் பேர் என்னம்மா?" என்று தங்கையைக் கேட்டார்.