டென்மார்க் வரி

“சச்சி அண்ணை கார் வாங்கினதே எங்களை ஏத்தாமல் விடத்தான்” என்றான் விக்னராஜா, சோபாவில் சாய்ந்து காலை நீட்டியபடி.

குசினியில் அவன் மனைவி யோகராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம்.

சச்சிதானந்தனின் ஸ்டேஷன் வேகன் காரை மெரிலேண்ட்ஸ் புறநகர்த் தமிழர் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்றால் என்ன, எழுபத்தாறாம் ஆண்டில் மொத்தமே ஏழு குடும்பம். முன்னுக்கு இரண்டு சீற். பின்னுக்கு வெறுந்தகரமும் ஒரு பழைய கம்பளமும்.

ஏன் என்று கேட்டால் ஐரோப்பாக் கதை தொடங்கிவிடும். மனிதர் ஏழு வருடம் கோப்பன்ஹேகனில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு கார் வாங்கினால் இன்னொரு காரின் விலையை அரசாங்கத்துக்கு வரியாக வைக்க வேண்டுமாம். பின்சீற்றைக் கழற்றிவிட்டால் அது சாமான் வண்டியாகிவிடுமாம், வரி சர்ரென்று இறங்கிவிடுமாம். இங்கிலாந்தில் மூன்று சில்லுக் காருக்கு மோட்டார் சைக்கிள் வரிதானாம். இத்தாலியில் எஞ்சின் பெருத்தால் வரியும் பெருக்குமாம்.

“இங்கிலாந்துக்காரன் சில்லைக் குறைச்சான், இத்தாலிக்காரன் எஞ்சினைக் குறைச்சான், நாங்கள் டென்மார்க்கில சீற்றைக் குறைச்சம்” என்று சச்சி விரல் மடக்குவார்.

“வரியை இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால் ஓட்டுறவனையும் இறக்கி விட்டிருப்பியள்” என்று விக்னராஜா ஒருமுறை சொன்னபோது, எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் சச்சிதான். பழகிப் போச்சு தம்பி, இங்கேயும் எப்ப வந்து கேட்பாங்களோ என்று வேறு சொல்லி வைத்தார்.

அப்போது அது பகிடி. இப்போது விக்னராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டர் நாள் குறித்துவிட்டார், இன்னும் மூன்று கிழமை. ஆசுபத்திரிக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். டக்சி வந்தால் உண்டு. வீட்டில் போனும் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற சச்சிதான் ஒரே வழி.

கேட்டதும் அவர் மறுக்கவில்லை. எந்த நேரமென்றாலும் வந்து கதவைத் தட்டச் சொன்னார். யோகராணி முன்னுக்கு இருக்கலாம், நீர் பின்னுக்குக் கம்பளத்தில் குந்திக்கொள்ளும் என்றார்.

அதுதான் விக்னராஜாவைச் சுட்டது. முதல் பிள்ளை பிறக்கப் போகிறது, தகப்பன் பின்னால் ஆட்டுக்கடா மாதிரி உருண்டுகொண்டு போவதா?

வேலையிடத்தில் முப்பது வருடம் கார் ஓட்டிய ஒரு வெள்ளைக்காரரிடம் விசாரித்தான். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இங்கே சீற்றை எண்ணி ஒருவனும் வரி கேட்கிறதில்லையாம்.

பிடிபட்டது பொய். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான்.

சச்சி வந்தார். வழக்கம்போல மூலையில் கவிழ்த்திருந்த பால் பெட்டியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் சோபாவில் இருங்கோ என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார், எனக்கு இது காணும் தம்பி என்பார்.

விக்னராஜா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதில் பூப்போட்ட விரிப்பு, சோப்பு மணக்க, புதிதாய் விரித்திருந்தது. நேற்று அதைத் தோய்க்கக் கழற்றியதிலிருந்து யோகராணி என்னவோ யோசனையாகவே இருந்தாள்.

“அண்ணை, நான் விசாரிச்சிட்டன். இந்த நாட்டில பின்சீற்றுக்கு வரி இல்லை.”

சச்சி தேத்தண்ணியை ஊதினார். “ஓம், இல்லைத்தான்.”

“அப்ப எங்களுக்கு ஏன் கதை விட்டனீங்கள்?”

“இஞ்சாருங்கோ, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ” என்றாள் யோகராணி குசினி வாசலில் நின்று.

“பொறும் யோகராணி.” விக்னராஜாவுக்குச் சூடு ஏறிவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன் தாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இறங்கிய நாளை எடுத்தான். இரண்டு பெட்டியும் ஒரு போர்வையும்தான் கையில். கதவைத் திறந்தால் ஒரு கேத்தல், ஒரு ஹீற்றர், பலகைக் கால் அடித்து இந்தச் சோபா. அப்போது முகம்கூடத் தெரியாத வெள்ளைக்கார வீட்டுக்காரன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்லை. இன்றுவரை வாடகை எடுக்க வருகிறவன், இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் மாதிரியே நிற்கிறான். அதுதான் பெரிய மனம்.

“நீங்கள் எங்கட ஆள். உங்களுக்கு ஒரு சீற் பூட்ட மனமில்லை.”

“இஞ்சாருங்கோ...”

“சும்மா இரும் எண்டுறன்.” அவன் சச்சியிடம் திரும்பினான். “அண்ணை, அவளுக்கு இங்க தாய் இல்லை, சகோதரம் இல்லை. நோவு வந்தால் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருக்க என்னை விட்டால் ஆளில்லை. அந்தச் சீற்றை எங்க போட்டு வைச்சிருக்கிறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நானே தூக்கிக்கொண்டு வந்து பூட்டுறன்.”

சச்சி யோகராணியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சங்கடமாகப் பிடரியைச் சொறிந்தார்.

“பூட்டுறது நாலு ஆணி, அது பெரிய வேலை இல்லை” என்றார். “முதல்ல நீர் அதில இருந்து எழும்பும் தம்பி.”